சான்றுப்பொருள்

ஆதிவாசிகள் தினத்துக்குக் கண்காட்சி.
வேடர் பாவித்த பொருட்கள் வேண்டுமாம்.
பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன்:
வில் ஒன்று, அம்பு நான்கு, தேன்குடுவை, கோடரி.

வில் பள்ளிக்கூட நாடக அறையில் கிடைத்தது.
குஞ்சன்குளத்தில் எவரிடமும் இல்லை.
சிரித்தார்கள், நான் கேட்டபோது.

கோடரிக்கு வீரக்குட்டியிடம் போனேன்.
வலையின் கிழிசலை விட்டுத் தலை நிமிராமலே,
"அது வாழைச்சேனைக் கோட்டில கிடக்கு, தங்கச்சி.
மே மாதம் தேனெடுக்கப் போன இடத்தில
வன இலாகா பிடிச்சது.
கல்லு நட்டிருக்காங்களாம்,
கல்லு எனக்கு முந்தியா வந்தது?"
இலக்கமும் சொன்னார்: பி இரண்டு.
மூன்று தவணை முடிந்துவிட்டது.
ஒவ்வொன்றுக்கும் பஸ் காசு, ஒரு நாள் மீன்.

நிர்வாக உத்தியோகத்தர் யோசிக்கவில்லை.
ஹாட்வெயாரில் புதுக்கோடரி வாங்கி
தேநீர் அறை அடுப்புப் புகையில்
இரண்டு நாள் தொங்கவிட்டோம்.
பழசு மாதிரித்தான் வந்தது.

ஓகஸ்ட் ஒன்பது.
மேடையில் 'உரிமை' என்ற சொல்
பதினொரு தரம் வந்தது,
வேலையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முன்வரிசையில் ஒரு கதிரை,
அதன்மேல் பெயரெழுதிய மட்டை,
மடித்த பொன்னாடை.
வீரக்குட்டி இல்லை.
நாலாவது தவணையும் அன்றைக்குத்தான்.

பின்னேரம் வரவுப் பதிவேடு என் மேசைக்கு வந்தது.
'வராமைக்கான காரணம்' என்ற கட்டத்தில்
வழக்கு இலக்கத்தை எழுதினேன்.
வாசித்தவர் பேனையை வாங்கிக்கொண்டார்,
கோபப்படவில்லை,
குறுக்கே ஒரு கோடு.
பக்கத்தில் அழகான கையெழுத்தில்:
சுகவீனம்.