கிறுக்கி வைத்தது

செங்கலடிச் சந்தியில்
பதுளை வீதி கிறுகும் இடத்தில் என் கடை.
போட்டோக் கொப்பி, லெமினேற்றிங், ரீலோட்.
மழை தொடங்க முந்தின கிழமை
டிலுக்சன் வந்தான், பின்னால் ஆறு பொடியன்கள்,
ஆறு பேருக்கும் ஒரே மாதிரிச் சுருட்டிய சட்டைக் கை.
கடலுக்கு அப்பால் இருக்கும் தலைவர்
அப்படித்தான் சுருட்டுவாராம்.
"அக்கா, பிறந்தநாள் வருது. போஸ்டர் இருநூறு.
முகம் வெளிச்சமா வரோணும்."
வந்தது.
நான்தான் வெளிச்சம் கூட்டினேன்,
பல்லுக்குக் கொஞ்சம் தனியாக.

அவர்களைச் சொல்லி என்ன,
அந்த நாட்டுத் தேர்தல் இரவு நானும் நித்திரை கொள்ளவில்லை.
மூன்றாம் சுற்றில் எவர் முந்தினார்,
எந்தத் தொகுதிப் பெட்டி பிந்தி வந்தது,
யாருடைய மருமகன் சீட்டுக் கிடைக்காமல் கட்சி மாறினான்,
இப்போது கேட்டாலும் சொல்வேன்.
எங்கள் மாவட்டத்துக்குக் கதிரை ஐந்து.
நாலு பேரைச் சொல்லிவிட்டு
ஐந்தாவதற்கு முகட்டைப் பார்க்கிறேன்.
மின்விசிறி சுற்றுகிறது.

பிறந்தநாள் இரவு களுவன்கேணிக் கடற்கரையில்
கேக் வெட்டி, வாணம் விட்டார்கள்
கடலை நோக்கி, அவர் பக்கமாம்.
எங்கள் கடலில் நேரே போனால்
நிக்கோபார்தான் வரும் பொடியன்களே.
அவர் ஊர் உங்கள் முதுகுக்குப் பின்னால்,
நடுவில் ஒரு முழு நாடு கிடக்கிறது,
அதற்குள்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.
இதை அன்று நான் சொல்லவில்லை.
கேக் தின்றுகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துப் பட்டிக்காரர் புஷ்பராசா வந்தார்.
பொலித்தீன் பைக்குள் நாலாய் மடித்த ஒரு தாள்.
மேய்ச்சல் தரையில், பாலை மரத்தில்
ஆணி அடித்துத் தொங்கியதாம்.
"அஞ்சு கொப்பி எடுங்க தங்கச்சி,
மறுகா என்ன எழுதியிருக்கெண்டும் சொல்லுங்க."
சிங்களம் நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்,
எல்லை, திணைக்களம், பிரவேசிக்க,
நடுவில் இரண்டு சொல் பிடிபடவில்லை.
இலக்கத்துக்குப் பாசை வேண்டாம்.
ஆட்சேபம் இருந்தால் இன்ன திகதிக்கு முன்.
அந்தத் திகதி எனக்குத் தெரியும்.
தங்க நிறத்தில், நிழல் போட்டு,
இருநூறு தாளில் நானே அடித்த திகதி.

அவர் காசை எண்ணி வைத்தார்.
வேண்டாம் என்றேன்.
"ஏன்?" என்றார். காரணம் சொல்ல வரவில்லை.
இயந்திரம் சூடாகத்தான் இருந்தது,
ஆறாவதாக ஒரு கொப்பி தானாகவே எடுத்தேன்.

மத்தியானம் கொழும்புக்கு எடுத்தேன்.
சபையில் இது பேசப்பட்டதா, எவர் எழும்பினார்,
எவர் அன்று வரவேயில்லை?
மறுபக்கத்தில் ஒரு குரல்:
"நீங்க எந்தக் கட்சி?"
"பதுளை வீதி" என்றேன்.
கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள்,
பிறகு அதுவும் நின்றது.

விற்காமல் மிஞ்சிய போஸ்டர் நாற்பத்து மூன்று.
பின்பக்கம் நல்ல வெள்ளை.
மார்க்கரால் ஐந்து பெயர், ஐந்து இலக்கம்,
கீழே ஒரே கேள்வி: அன்று நீங்கள் எங்கே?
கடைச் சுவரில், சந்தைக் கம்பத்தில்,
பஸ் நிற்கும் கொட்டிலில் ஒட்டினேன்.

டிலுக்சன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.
"என்னக்கா, தலைவரக் கிழிச்சுப்போட்டீங்களா?"
"கிழிக்கல்ல மனே. கிறுக்கி வெச்சிருக்கன்."
மழை பிடித்தது.
தாள் நனைய நனையப்
பின்னாலிருந்து அவர் இலேசாகத் தெரிந்தார்,
முதலில் பல்.
பெயர்களுக்கு நடுவே அந்தச் சிரிப்பு
கொஞ்சம் இடைஞ்சல்தான், இருக்கட்டும்.

அவன் சுருட்டிய கையால் முகத்து மழையை வழித்துவிட்டு
ஒவ்வொன்றாக வாசித்தான்.
"இந்த அஞ்சாவது ஆள் ஆரு?"
"எனக்கும் தெரியா. இலக்கம் இருக்குத்தானே."
போனைச் சட்டைக்குள் பிடித்து
மழைக்கு முதுகு காட்டி அமத்தினான்.
"மணி போகுதக்கா" என்றான்.