கண்ணளவு

மேட்டூரில் மதகு தூக்கிய பதினோராம் நாள்
அரசலாற்றில் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால்
நாய்கள் வரும்.

மாசியிலிருந்து மணலில் பள்ளம் பறித்துக் கிடந்தவை
நாணல் மறைவில் குட்டி ஈன்றவை
ஈரவாடை மூக்கில் பட்டதும்
படித்துறை ஏறித் தெருவுக்குள் நிற்கும்.
தெருவில் ஏற்கெனவே நாய்கள் உண்டு.
அன்று ராத்திரி கும்பகோணம் தூங்காது.

வயலுக்கு அது குறுவை.
எங்களுக்கு வண்டி எடுக்கும் பருவம்.

நான் வலை வீசுகிறவன்.
ஓட்டுவது தெய்வசிகாமணி. ஹார்ன் அடிக்க மாட்டான்;
பாணாதுறை நாய்களுக்கு எங்கள் ஹார்ன் மனப்பாடம்.

முதலில் தந்த நைலான் வலை கழுத்தை அறுத்தது.
தரங்கம்பாடிக்கு பஸ் ஏறி
வலை பின்னும் மரியபுஷ்பத்திடம் கேட்டேன்.
"எது தப்பிக்கணும்னு சொல்லு,
கண்ணளவு சொல்றேன்."
மீன்வலைக்கு அதுதான் கணக்காம்:
குஞ்சு போகணும், பெருசு நிக்கணும்.
"நாய்க்கு" என்றேன்.
சிரித்து முடித்துவிட்டு
பருத்தி நூலில் பின்னித் தந்தாள்,
நகம் சிக்காத கண்.

பதிவேட்டில் இரண்டு கட்டம்.
பிடித்த இடம். விட்ட இடம்.
இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்,
டாக்டர் எழிற்செல்வி அதில் மட்டும் விட மாட்டார்.
"காலி பண்ணுன இடத்துல
ஊசி போடாத இன்னொண்ணு வந்து உக்காரும்."
அறுத்து, தைத்து, ஊசி போட்டு
காது நுனியில் ஒரு வெட்டு.
தூரத்திலிருந்தே தெரிகிற ரசீது.

மேலக்காவேரி அஃப்ரினுக்கு ஐந்து வயது.
தயிர் வாங்கப் போனவள்
கல்வெர்ட்டடியில் குட்டி முனகுகிறதென்று குனிந்திருக்கிறாள்.
கெண்டைக்காலில் நாலு பல்.
மஞ்சள் அப்பச் சொன்னவரை ஒரு கையால் தள்ளிவிட்டு
அவள் அத்தா குழாயடியில் கால் மணி நேரம்
சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.
அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள்,
கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள்.

செவலை. முன்னங்கால் மட்டும் வெள்ளை.
ஏழாம் நம்பர் கூண்டில் வைத்துப் பார்த்தோம்.
பத்து நாளும் அது சாகவில்லை.
ஒரு நாய் சாகாததை
அந்த வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன்.
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

பால் வற்றட்டும் என்று டாக்டர் காத்திருந்தார்.
நாலு குட்டியில் இரண்டைத் தாராசுரத்து டீக்கடைக்காரர் கொண்டுபோனார்.
ஒன்று வயிற்றுப்போக்கில் போயிற்று.
ஒன்று இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் வண்டி திரும்பியபோது
தெருமுனையில் ஷமீனா, அஃப்ரினின் அம்மா.
"கொல்லுன்னு சொல்லல.
இங்க வேணாங்கறேன்."
எல்லாத் தெருவும் 'இங்க'தான், அம்மா.
சொல்லவில்லை. வாய் வரை வந்தது.
அவள் பேசுவது கெண்டைக்காலிலிருந்து;
எனக்கும் முழங்கைக்குக் கீழே பதினோரு தழும்பு.

பிறகு கையைப் பிடிக்காத குறையாக
கல்வெர்ட்டுக்குக் கூட்டிப் போனாள்.
கோழிக்கடைக் குடல், நேற்றையது, இன்றையது.
"இதைத் தின்னத்தானே வருது?
நாயைப் பிடிக்கிற வண்டி
இதைப் பிடிக்காதா?"
அது வேறு வண்டி, வேறு ஆபீஸ்.
சொல்லும்போதே கூசியது.

மரியபுஷ்பம், இப்போது கேட்டால் சொல்வேன்.
தப்பிக்க வேண்டியது அந்தக் கெண்டைக்கால்.
இந்த வெட்டுக்காதும்.
அப்படி ஒரு கண்ணளவு இருக்கிறதா?

கதவைத் தூக்கினேன்.
இறங்காமல் உட்கார்ந்திருந்தது.
குட்டி முதலில் குதித்தது, பின்னால் தாய்.
குடலை மோந்தது, எங்களைப் பார்த்தது,
யாரையும் பார்க்காமல் நிழலுக்குப் போயிற்று.

மாடி கிரில்லுக்குள்ளிருந்து அஃப்ரின்
காது, காது என்று கத்தினாள்.
ஷமீனா நிமிரவில்லை.
எங்கள் வண்டி நம்பரை
செல்லில் ஏற்றிக்கொண்டு
"அந்த வேறு ஆபீஸ்
எங்க இருக்கு?" என்றாள்.

தெய்வசிகாமணி இன்ஜினை அணைத்துவிட்டு
வழி சொல்லத் தொடங்கினான்.