மூன்று பார்

போரா காற்று திரியெஸ்தேயையே
உலுக்கிக்கொண்டிருந்த காலையில்
துளைக்கருவியோடு வந்தான் டிராகோ.
கருங்கல் மேடையில் மூன்றரை சென்டிமீட்டர் ஓட்டை.
"போட்டால் போட்டதுதான், அப்புறம் மூட முடியாது."
லிவியோ நேவியாவைப் பார்த்தான்.
அவள் அலமாரிக்குள்ளிருந்த வெங்காயம், வினிகர்,
கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த செப்புச் சட்டி
எல்லாவற்றையும் கூடத்துக்குக் கடத்திக்கொண்டிருந்தாள்.

பதினாலு வருஷமாக
"தொட்டியில் தண்ணி ஊத்தினியா?"
என்பதுதான் இந்த வீட்டின் காலை வணக்கம்.
ஊற்றாதவர் பெயர்
பொழுது சாயும்வரை கெட்டுக் கிடக்கும்.

இனி குழாயே ஊட்டும்.
மலைச் சுண்ணாம்பெல்லாம் வடிகட்டியில் தங்கிவிட
தண்ணீர் சாதுவாக வரும்.
கசடும் தானே போய்விடும்.
முள்ளை மூன்று பாரில் நிறுத்தி
முதல் குவளையை நின்றபடியே குடித்துவிட்டு
டிராகோ கிளம்பினான்.

மறுநாள் காலை
இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை.
இயந்திரம் உறுமியது.
நுரை நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் இரவு
இணைப்பில் ஒரு சொட்டு.
அலமாரிக்குள் தலையை விட்டபடி லிவியோ,
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நேவியா,
கீழே செப்புச் சட்டி.

"நீதான் முடுக்கினே."
"நீதான் வெங்காயத்தை வச்சு இடிச்சே."

டங்.

"சின்ன ஸ்பானரை எடு."
"எது சின்னது?"

டங்.