செகண்ட் கியர்

பர்கூரில் கல் ஏற்றிவிட்டால்
தூத்துக்குடி வரை அதிகம் பேசமாட்டார் மாதையன்.
முதுகுக்குப் பின்னால் முப்பது டன் கருங்கல்,
முன்னால் தொப்பூர் இறக்கம்.
"நியூட்ரல்ல எறங்குறவன் டீசல மிச்சம் புடிப்பான்,
அவன மிச்சம் புடிக்க ஆள் வேணும்" என்பார்.
செகண்ட் கியரில் இறுகிய கை
நாலு நாள் கழித்து கிருஷ்ணகிரி வந்தும்
சோற்றைப் பிசையும்போது இறுகியே இருக்கும்.

கல்யாணமாகி ஏழாம் வருஷம்
சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"என்னைக் கட்டிப் போடுறியா?"
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

தார்ப்பாய்க் கயிறு வேண்டாம், தழும்பு விழும் என்றேன்.
என் பழைய சுங்குடியின் கரையைக் கிழித்தோம்.
முடிச்சும் அவர் சொல்லித்தந்ததுதான்:
எவ்வளவு பாரம் இழுத்தாலும் தாங்கும்,
ஒரு நுனியைச் சுண்டினால் அவிழும்.
நிறுத்த ஒரு சொல் வேண்டும்.
"வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்."
"அத நான் பொய்யாவும் சொல்வேன்டி."
ரொம்ப நேரம் யோசித்து
"தொப்பூர்" என்றார்.
அங்கே எவனும் விளையாட மாட்டான்.

அந்த அறைக்குள் மட்டும் அவருக்கு "நீ".
கண்ணைத் திறக்காதே என்றால் திறக்கமாட்டான்.
மண்டி போடு என்றால்
சிமென்ட் தரையில் முட்டி தட்டும் சத்தம்.
அவன் தோளில் பாதம் வைத்தால்
எங்கிருந்தோ ஒரு மூச்சு,
ஏர் பிரேக் விட்டதுபோல.
எனக்கும் பிடித்திருந்தது.
அதை மறைக்க என்ன இருக்கிறது?

போன வாரம் ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
என் போனுக்கு இரண்டு தடவை "சரி, சரி" என்றாராம்.
கிளீனர் பையன் கேட்டிருக்கிறான்:
"உங்க வூட்ல மதுரையாண்ணா, சிதம்பரமா?"
அவன் உதடு கிழிந்தது.
அதை வீரமாகச் சொல்லிக்கொண்டே
சட்டையை ஆணியில் மாட்டினார்.
பிறகு கதவைத் தாழிட்டு
இரண்டு மணிக்கட்டையும் நீட்டினான்.

ஒரு கையைக் கட்டினேன்.
ஆணியில் அந்தச் சட்டை.
பையில் லைசென்ஸ் உறை,
உறைக்குள் என் கார்டு.
மாங்கூழ் ஆலையில் நின்றே எடை போட்ட
மூணு மாசச் சம்பளம்.
கேஸ் வாங்க வேண்டுமானாலும்
"என்னங்க" என்று தொடங்க வேண்டும்.

"தொப்பூர்" என்றேன்.

கண்ணைத் திறந்தான்.
"கட்டுனது நீ. அது எனக்குன்னு வெச்ச சொல்லு."
"எனக்கு கெடையாதா?"
"ராணி மாதிரி ஒக்கார வெச்சேனே."
"வெச்சது நீ.
விடிஞ்சா எறக்கி விடறதும் நீ."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
நெடுஞ்சாலையில் ஏதோ லாரி
கியர் மாற்ற முடியாமல் கத்திக்கொண்டே போனது.
"அது பதினாலு சக்கரம்" என்றான்,
என்ன சொல்வதென்று தெரியாமல்.

கட்டாத கையால் சட்டையைத் துழாவினான்.
டீசல் பில், முனியப்பன் படம்,
கடைசியில் கார்டு.
ரகசிய எண்ணைச் சொன்னான்:
அவர் முதல்முதலில் ஓட்டிய வண்டியின் நம்பர்.
மறுபடி கையை நீட்டினானா, நீட்டினாரா,
எப்படி எழுதுவது இதை?
"இன்னிக்கு போதும், தூங்கு" என்று
நுனியைச் சுண்டிவிட்டேன்.

காலை ஆறுக்கு ஆலை வேன்.
ஜாக்கெட்டுக்குள் கார்டின் முனை குத்தியது.
"டீ குடிச்சிட்டுப் போ."
"நீங்க குடிங்க" என்றேன்.

பழக்கம்.
இல்லை, செகண்ட் கியர்.