மூன்றாவது கம்பி

பச்சை விளக்கு இரண்டிரண்டாய்த் துடிக்கிறது.
உயிர் இருக்கிறது. பேச்சில்லை.

ஹம்போல்ட்டுக்கு வடக்கே பதினெட்டு கிலோமீட்டர்,
மைனஸ் முப்பத்தொன்று.
தகரக் குதிரை ஒட்டி ஒரு மரக்கொட்டில்.
கவிழ்த்த வாளியின் மேல் மடிக்கணினி.
கையுறையைக் கழற்றினால் விரல் போகும்,
கழற்றாவிட்டால் கட்டளை போகாது.

குதிருக்குள் கனோலா.
இரண்டு இரவாய் ஒரு உணரியும் வாய் திறக்கவில்லையென்று
ஓரெஸ்ட் ஹ்ரைட்சுக் அழைத்திருந்தார்.
இப்போது டிரக்கில், எஞ்சினை அணைக்காமல் இருக்கிறார்.
எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம்.

யுஎஸ்பியைச் செருகினேன்.
புதிய இணைப்பு, என்றது கணினி.
பிங் அனுப்பினேன். பதில் வந்தது!
சிரித்தும்விட்டேன்.

பதில் சொன்னது பலகையல்ல,
இருநூறு மீட்டர் தள்ளி, ஓரெஸ்டின் வீட்டு ரவுட்டர்.
இருவருக்கும் ஒரே எண்.
யாரையோ கூப்பிட்டதற்கு அது ‘என்ன?’ என்றிருக்கிறது.

வைஃபையை அணைத்தேன்.
இப்போது யாருமே பேசவில்லை.

சரி, சீரியல்.
யுஎஸ்பியை உருவிவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.
ஓரத்தில் மூன்று ஊசிகள்.
பச்சைக் கம்பி, வெள்ளைக் கம்பி.
திரை வெறுமை.
சொல்லும் முனையைச் சொல்லும் முனையோடு கட்டியிருக்கிறேன்:
இரண்டு வாய் நேருக்கு நேர், காதுகள் சும்மா.
பதினோரு வருட வேலை. இன்னும் இதையே செய்கிறேன்.

மாற்றிக் கட்டினேன்.
பேசியது, பிதற்றலாக:
கேள்விக்குறி, கட்டம், பாதி எழுத்து, மறுபடி கட்டம்.
வேகம் சரிதான்,
லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு,
மூன்று முறை பார்த்தாயிற்று.

கறுப்புக் கம்பி என் மணிக்கட்டில் உரசிக்கொண்டு தொங்கியது.
தரைக்கம்பி.
எதையும் சொல்லாது, எதையும் கேட்காது,
எது பூஜ்யம் என்பதில் மட்டும்
இருவரையும் ஒப்புக்கொள்ள வைக்கும்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிச் செருகினேன்.

பெயர் கேட்டது.
சொன்னேன், உள்ளே விட்டது.
தேதி: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
மின்சாரம் போன இரவில் கடிகாரத்தைத் தொலைத்து
முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.
எதிர்காலத்தில் ஒப்பமிட்ட சான்றிதழை எப்படி நம்பும்?
அளந்ததையெல்லாம் அனுப்பாமல்
மடியில் வைத்துக்கொண்டிருந்தது.

இன்று ஜனவரி பதினாறு, என்றேன்.
வருடத்தையும் சொன்னேன்.

வரிசையாய் வந்தன:
நான்கு, நான்கு, ஐந்து, நான்கு, ஏழு,
ஆறாம் உணரி, குதிரின் நடுவில், முப்பத்தொன்று.

மைனஸ் குறியைத் தேடினேன்.
இல்லை.

டிரக்கின் கண்ணாடியைத் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
ஓரெஸ்ட் ஒருமுறை படித்தார்.
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
விசிறியின் சுவிட்சை நோக்கி நடந்தார்,
ஓடவில்லை.

என் விரல்நுனிகள்
அப்போதுதான் வலிக்கத் தொடங்கின.