பத்து டன்

குளச்சலில் தஸ்நேவிஸ் கேட்டது
பத்து டன்.
வடசேரி அலுவலகத்திலிருந்து நான் அனுப்பியதும்
பத்து டன்.
ரசீதில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

ஜூலை முப்பத்தொன்று, இரவு பதினொன்றரை.
தடைக்காலம் முடிய அரைமணி நேரம்.
விசைப்படகுகள் டீசல் குடித்து முடித்து
ஐஸுக்காக நிற்கின்றன.
ரூபஸ் முதல் டப்பாவைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தான்.
ஐம்பது கிலோ கட்டி
சிமென்டுத் தரையில் வழுக்கிப் போய்
சுவரில் மோதிப் பிளந்தது.
நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர்.
என் பெயரை விசாரித்துக்கொண்டு வந்ததுபோல்
நேரே என் செருப்புக்கு வந்தது.

தஸ்நேவிஸ் குனிந்து பார்த்தார்.
பெயரிலேயே பனிமாதா இருக்கிற மனிதர்.
"ஐஸ் கேட்டேன் பிள்ளே,
இளநீரா தந்திருக்க?"

இருநூறு டப்பாவில்
கெட்டி நூற்றுப்பத்து.

உப்புத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
இயந்திரத் தகட்டில் கிலோகலோரி.
கம்பெனிப் புத்தகத்தில் கிலோவாட்.
மாடியறை ஏசியின் அட்டைப்பெட்டியில் பி.டி.யு.
கொச்சியில் மத்தி, குளச்சலில் சாளை,
மீன் ஒன்றுதான்.
பெயர் மாற்ற எனக்கு நன்றாகத் தெரியும்:
ஒரு டன் என்றால் மணிக்கு
மூவாயிரத்து இருபத்துநாலு கிலோகலோரி,
மூன்றரைக் கிலோவாட், சில்லறை தனி,
பன்னிரண்டாயிரம் பி.டி.யு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
தூக்கத்தில்தான் சொல்லியிருக்கிறேன்.

அது அமெரிக்க டன்.
தொள்ளாயிரத்து ஏழு கிலோ.
எங்கோ குளிர்கால ஏரியில் அறுத்து
மரத்தூளில் பொதிந்த பனிப்பாளம்
ஒரு பகல் ஓர் இரவில் உருகி முடிக்க
எவ்வளவு சூட்டைத் தின்னும் என்ற கணக்கு.
ஐஸ் ஏற்கெனவே ஐஸாக இருக்கிற ஊரின் கணக்கு.

இங்கே
திங்கள்நகர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் தண்ணீர்
இருபத்தொன்பது டிகிரி.
அதைப் பூஜ்யத்துக்கு இறக்க
கிலோவுக்கு இருபத்தொன்பது கிலோகலோரி.
பூஜ்யத்தில் நின்று
தெர்மாமீட்டர் ஒரு மயிரிழை அசையாமல்
உறைய மட்டும் எண்பது.
படகு ஏறும்வரை தாங்க இன்னொரு மூன்று.
ஆக நூற்றுப்பன்னிரண்டு.
பத்தாயிரத்தால் பெருக்கி
இருபத்துநாலு மணியால் வகுத்து
மூவாயிரத்து இருபத்துநாலால் மறுபடி வகுத்தால்
பதினைந்தரை.
மூடி திறந்து திறந்து பார்க்கும் ரூபஸ்,
எலி கடித்த தெர்மோகோல்,
பம்பு தன் பங்குக்கு உமிழும் சூடு,
எல்லாம் சேர்த்துப்
பதினெட்டு.

நானோ அன்றைக்கு
டன்னுக்கு டன் என்று எழுதிவிட்டு
சாப்பிடப் போனேன்.
மரச்சீனியும் நெத்திலிக் குழம்பும் என்பதுவரை
நினைவிருக்கிறது.

"தப்பு என்னுடையது" என்றேன்.
தஸ்நேவிஸ் சீட்டை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
"இதைக் கிலோவாட்டில் சொன்னா?"
அறுபத்து மூன்று.
"அந்த ஏசிக்காரன் கணக்கில?"
இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்.
"ஏசுவே.
பதினெட்டுன்னே எழுது.
பாங்கு மானேசருக்குச்
சின்ன நம்பர்தான் பிடிக்கும்.
கூடுற எட்டுக்கு யாரு துட்டு தருவான்னு
காலையில உங்க முதலாளிகிட்ட பேசுதேன்."

பன்னிரண்டு அடித்தது.
எட்பர்க்கின் படகு
கெட்டியையும் இளநீரையும் ஒன்றாக அரைத்துக்
கிடங்கில் கொட்டிக்கொண்டு கிளம்பியது.
ஏழு நாள் கடல் என்று வீட்டில் சொல்லி வந்தவர்கள்.
"மூணு நாளில திரும்பிருவோம்"
என்று யாரோ அணியத்திலிருந்து கத்தினான்.

கண்டென்சர் குழாயைத் தொட்டேன், சுட்டது.
அந்தத் தண்ணீரிடம் பிடுங்கிய எண்பதெல்லாம்
அதன் வழியாகக் கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது,
படகுக்குப் பின்னாலேயே.
ஏழில் மூன்று போக மீதி நாலு நாளை
எந்த அலகுக்கு மாற்றுவது என்று
சீட்டைத் திருப்பினேன்.
முன்பக்கத்தில் தடைக்கு முந்தைய மாத ஏலம்:
நவரை, பதினாலு கூடை,
ஐஸ் கழிவு நீக்கி.