இருபத்தைந்து கட்டை

அஸ்தம்பட்டியில் கெவின் என்ற பையனிடம்
மூவாயிரத்து நானூறுக்கு வாங்கினேன்.
இருபத்தைந்து கட்டை, எட்டுத் திருகு,
ஸ்டிக்கரைச் சுரண்டிய பசைத் தடம்.
"அக்கா, இதுல சத்தம் வராது, தெரியும்ல?"
தெரியும் என்றேன்.
தெரியாது.

சூரமங்கலம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல்
வயரைச் செருகியதும்
சிவப்பாய் ஒரு விளக்கு முழித்தது.
அழுத்தினால் பிளாஸ்டிக் மோதும் டொக்.
வேறொன்றுமில்லை.
லேப்டாப்பில் மென்பொருள்
வரிவரியாய்க் காலியாகக் கிடந்தது,
ஞாயிறு மதியத்து முன்பதிவுக் கூடம் மாதிரி.

அமைப்புகளுக்குள் போனேன்.
உள்ளீடு: எதுவுமில்லை.
அம்புக்குறியை இழுத்தால்
காத்திருப்போர் பட்டியலின் கடைசி ஆளாய்
அடியில் நின்றது இதன் பெயர்.
டிக் அடித்தேன். கட்டையைத் தொட்டேன்.
திரை ஓரம் பச்சைப் பொட்டு ஒன்று துடித்தது.
அப்போதும் சத்தமில்லை.

தட்டுவடை செட் ஒன்றைத் தின்று முடித்து,
மூன்றாம் திருகில் பீட்ரூட் கறை பட்ட பிறகுதான்
உறைத்தது.
இது பாடும் பெட்டியல்ல.
எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டாய்
என்பதை எண்ணாய்ச் சொல்லும்.
அறுபது, தொண்ணூற்றிரண்டு.
அறுபது, பூஜ்யம்.
குரல் வேறெங்கிருந்தோ வரவேண்டும்.

சிரித்துவிட்டேன்.
பதினோரு வருடமாய் நான் பார்க்கும் வேலை இதுதானே.
ஜங்ஷன் அறிவிப்பு அறையில்
வண்டி எண் அடிப்பேன், நடைமேடை எண் அடிப்பேன்,
தாமதம் எத்தனை நிமிடமென்று அடிப்பேன்.
யாரோ ஒருத்தி
எந்த ஊரிலோ குளிரூட்டிய அறையில்
என்றோ சொல்லி வைத்த துண்டுகள்
ஒட்டிக்கொண்டு கனிவாய்ப் பேசும்.
வருந்துகிறோம் என்பாள்.
வருந்துவது யாரென்று
ஒரு பயணியும் கேட்டதில்லை.

ஒரு பியானோவை ஏற்றினேன். வந்தது.
ஆனால் விரல் முன்னே, ஒலி பின்னே.
தாமதம் இருபத்து மூன்று மில்லிசெகண்டு
என்றது திரை.
மில்லி!
தன்பாத் வண்டி ஏழு மணி நேரம் தாமதம் என்று
டீயை உறிஞ்சிக்கொண்டே அடித்தவள் நான்.
இந்த இருபத்து மூன்றைப் பொறுக்க முடியவில்லை.
பஃபரை இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.
நூற்றிருபத்தெட்டில்
எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல் வெடித்தது.
இருநூற்றைம்பத்தாறில் சமாதானம்.

பிறகு, எதற்கென்று தெரியாது,
ஹாலில் பூரணி தூங்குகிறாள் என்பதால் மெதுவாக
இயர்போன் மைக்கை உதட்டருகில் வைத்து
ஒரே ஒரு சொல் சொன்னேன்.
வருந்துகிறோம்.
அதைக் கட்டைகள் மேல் பரப்பினேன்.

நடுக் கட்டையில் நான்.
மேலே போகப் போகப் பள்ளிக்கூடப் பெண்,
கடைசியில் அணில்.
கீழே இறங்க இறங்க
பேச்சை இழுத்து இழுத்து விடும்
சங்ககிரி லாரி ஷெட் முதலாளி.

மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்.
மூவரும் ஒன்றாய்க் கிளம்பினார்கள்.
அணில் முதலில் போய்ச் சேர்ந்தது.
அடுத்து நான்.
சங்ககிரிக்காரர் இன்னும் 'ந்'தில்
சிக்னலுக்கு நின்றிருந்தார்.

அந்நேரம் காதுவழியாக இல்லாமல்
மேசைவழியாக வந்தது
ஏற்காட்டுக்குப் போகாத ஏற்காடு எக்ஸ்பிரஸ்.
இன்று சரியான நேரம்.
ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன்.
ரயில் அதில் இல்லை.
சொல் முடிந்த பிறகும் விரலை எடுக்க மறந்தது மட்டும்
நீலப் பட்டையாய்த் திரையில் கிடந்தது,
பதினெட்டுப் பெட்டி நீளத்துக்கு.